எந்தப் பிரதிக்கு "ஓகே" சொன்னீர்கள்?

கேள்வி: நிலாவெளியில் உள்ள ஒரு ஹோட்டலின் சந்தைப்படுத்தல் பிரிவில் வேலை செய்கிறேன். அலுவலகம் திருகோணமலை டவுனில், நாங்கள் நான்கு பேர். ஒவ்வொரு வருடமும் சீசனுக்கு முன்னர் மூன்று மொழிகளிலும் துண்டுப்பிரசுரம் அடிக்கிறோம். முகாமையாளர், முன்பதிவுப் பிரிவு, சமையற்கூடம், கொழும்பில் இருக்கும் உரிமையாளர், அவருடைய மகன் என்று எல்லோரும் திருத்தம் சொல்வார்கள். பாதி வட்ஸ்அப்பில் வரும், பாதி போனில் வரும். எங்கள் கணினியில் "பைனல்", "பைனல் 2", "பைனல் புதுசு", "இதுதான் பைனல்" என்று கோப்புகள் நிறைந்து கிடக்கின்றன. போன முறை 3,000 பிரதிகள் அடித்த பிறகுதான் தமிழ்ப் பக்கத்தில் பழைய விலை இருப்பதைப் பார்த்தோம். பழி என் மேல் விழுந்தது. உரிமையாளர் "ஓகே" போட்ட செய்தி என்னிடம் இருக்கிறது. அவரோ தான் பார்த்தது வேறு கோப்பு என்கிறார். இதற்கென்று மென்பொருள் ஏதும் வாங்க வேண்டுமா? கடைசி நேரத்தில் மாற்றச் சொல்பவர்களிடம் எப்படிப் பேசுவது?
உவர்மலையிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் வீணாய்ப்போன 3,000 பிரதிகளைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது, உரிமையாளர் வேறு கோப்பைப் பார்த்து ஓகே சொன்னார் என்ற வரிதான். அவர் உண்மையைச் சொல்கிறார் என்றே நினைக்கிறேன். நீங்களும் உண்மையைத்தான் சொல்கிறீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் குழுவில் மூன்று நான்கு படங்கள் போயிருக்கும். அவர் வாகனத்தில் இருந்தபடி போனைத் திறந்து, கண்ணில் பட்டதைப் பார்த்துவிட்டு ஓகே போட்டிருப்பார். அது எந்தப் படத்துக்கு என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. இதை உங்கள் தலையில் கட்டியது நியாயமில்லை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தடவை இப்படிப் பழி சுமந்தவர்கள் அடுத்த முறை பயத்தில் எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டத் தொடங்குவார்கள். திருத்தங்கள் இன்னும் பெருகும், யார் பொறுப்பு என்பது இன்னும் கலங்கிப் போகும்.

நான் வேலை பழகியது ஒரு அச்சகத்தில். பக்கம் கட்டி முடிந்ததும் ஒரு புரூப், அதாவது சரிபார்க்க ஒரு மாதிரித் தாள், எடுப்போம். வாடிக்கையாளர் சிவப்பு மையால் அதில் திருத்துவார். திருத்தத்தைச் செய்து இரண்டாவது புரூப் எடுப்போம். எல்லாம் சரி என்றால் அந்தத் தாளின் மூலையிலேயே "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்தும் திகதியும் போடுவார். அந்தத் தாள் பக்கத்தில் இல்லாமல் மெஷின்காரர் மெஷினை ஓட்டமாட்டார். எது சரி என்பதும், யார் சரி என்று சொன்னார் என்பதும் ஒரே தாளில் இருந்தன. அந்தக் கையெழுத்தைக் கழற்றி இன்னொரு தாளில் ஒட்ட முடியாது. இப்போது கோப்பு ஓரிடத்தில் கிடக்கிறது, ஒப்புதல் வட்ஸ்அப்பில் கிடக்கிறது. இந்த இரண்டையும் திரும்பவும் ஒன்றாகக் கட்டுவதுதான் உங்கள் வேலை. அதைச் செய்துவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகச் சரியாகும்.

மென்பொருள் வேண்டாம், இப்போதைக்கு. நான்கு பேருக்கு, வருடத்தில் சில பிரசுரங்களுக்கு, கூகுள் டொக்ஸோ மைக்ரோசொப்ட் வேர்டோ தாராளமாகப் போதும். இரண்டிலும் இருக்கும் வசதிகளை நாம் முழுதாகப் பயன்படுத்துவதில்லை. கூகுள் டொக்ஸில் ஒரு கோப்பைப் பகிரும்போது ஒவ்வொருவருக்கும் என்ன உரிமை என்று தெரிவு செய்யலாம்: பார்க்க மட்டும், கொமென்ட் எழுத மட்டும், அல்லது திருத்த. உங்கள் நான்கு பேரில் இருவருக்கு மட்டும் திருத்தும் உரிமை கொடுங்கள். மற்ற எல்லோருக்கும், உரிமையாளருக்கும்கூட, கொமென்ட் உரிமை போதும். அவர்கள் மாற்றி எழுதினாலும் அது ஒரு யோசனையாகவே நிறம் மாறி நிற்கும். நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் உள்ளே போகும். யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றச் சொன்னார் என்பதும் அங்கேயே இருக்கும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும், கோப்பின் பழைய நிலைகள் சேமிக்கப்பட்டிருக்கும் வேர்ஷன் ஹிஸ்டரிக்குள் போய் அன்றைய நிலைக்கு ஒரு பெயர் வையுங்கள்: "முன்பதிவு பார்த்தது, மார்ச் 10" என்பதுபோல. பெயர் வைத்த நிலைக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். "பைனல் 2" என்று தனிக் கோப்பு எடுக்கவேண்டிய தேவையே வராது.

உரிமையாளரின் மகன் கோப்பை இறக்கித் தன் மடிக்கணினியில் திருத்தி மின்னஞ்சலில் அனுப்பினால்? அனுப்புவார், அதைத் தடுக்க முடியாது. அப்போது வேர்டில் "கொம்பெயர்" என்ற வசதியைத் திறந்து உங்கள் பிரதியையும் அவருடைய பிரதியையும் கொடுங்கள். அவர் டிராக் சேஞ்சஸ் (திருத்தங்களைக் குறித்துக் காட்டும் வசதி) போடாமல் திருத்தியிருந்தாலும் வித்தியாசம் எல்லாவற்றையும் அது கோடிட்டுக் காட்டும். கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்க ஒருநாளும் முயலாதீர்கள். களைத்த கண் 14,500க்கும் 15,400க்கும் வித்தியாசம் பார்க்காது.

கோப்புக்குப் பெயர் வைப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். "பைனல்" என்ற சொல்லைக் கோப்புப் பெயரில் இனிப் பயன்படுத்தவே வேண்டாம். பெயரின் தொடக்கத்தில் திகதியை வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுங்கள். கோப்புகள் தாமாகவே வரிசையில் நிற்கும். அதற்குப் பிறகு பொருள், மொழி, பிரதி எண். பெயரை ஆங்கில எழுத்தில் வைத்தால் அச்சகத்தின் பழைய கணினியிலும் உடையாமல் திறக்கும். அப்புறம், அதே பிரதி எண்ணைப் பிரசுரத்தின் பின்பக்க மூலையில் சின்ன எழுத்தில் அச்சிடுங்கள். உப்புவெளியில் ஒரு முச்சக்கரவண்டிச் சாரதியின் கையில் உங்கள் தாள் இருந்தால், அது இந்த வருடத்துத் தாளா போன வருடத்துத் தாளா என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

இப்போது ஆட்களுக்கு வருவோம். உங்கள் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஐந்து பேருக்கும் ஒரே தாளை அனுப்பி "பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கிறீர்கள். அப்படிக் கேட்டால் ஐந்து பேரும் நிறத்தைப் பற்றிச் சொல்வார்கள், படத்தைப் பற்றிச் சொல்வார்கள், விலையை மற்றவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிடுவார்கள். ஒவ்வொருவரிடமும் அவருக்கு மட்டும் தெரிந்ததைக் கேளுங்கள். முன்பதிவுப் பிரிவிடம் அறை விலை, சீசன் திகதிகள், தொலைபேசி எண்கள். சமையற்கூடத்திடம் உணவுப் பெயர்களும் நேரங்களும். படகு ஒழுங்கு செய்பவரிடம் புறாத்தீவுப் பயணமும் திமிங்கிலம் பார்க்கும் பயணமும். புறாத்தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா. நுழைவுக் கட்டணம் வனஜீவராசிகள் திணைக்களம் அறவிடுவது, உங்கள் ஹோட்டல் நிர்ணயிப்பதில்லை. "படகுச் செலவு மட்டும், நுழைவுச்சீட்டு தனி" என்று எழுத வேண்டுமா, இரண்டையும் சேர்த்த விலையா என்று அந்தப் படகுக்காரருக்குத்தான் தெரியும். "திமிங்கிலம் நிச்சயம் பார்க்கலாம்" என்று யாராவது ஆசையில் எழுதியிருந்தால் அதை வெட்டச் சொல்லப்போகிறவரும் அவர்தான். கடலுக்குப் போய் வருபவர் அப்படி ஒரு வாக்குறுதி கொடுக்கமாட்டார்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள், ஒரே நாளுக்குள் பதில் கேளுங்கள். ஒருவர் முடித்த பிறகு அடுத்தவருக்கு என்று போனால் சீசன் வந்துவிடும். வந்த திருத்தங்களை ஒரே ஆள் சேர்க்க வேண்டும். இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால் அதைத் தீர்ப்பது உங்கள் வேலையில்லை. அவர்கள் இருவரையும் ஒரு அழைப்பில் சேர்த்து, ஒரு முடிவைக் கேட்டு வாங்குங்கள். எத்தனையோ டிசைன் செய்யும் பிள்ளைகள் முகாமையாளர் சொன்னதை ஒரு பக்கத்திலும் உரிமையாளர் சொன்னதை மறுபக்கத்திலும் வைத்து இருவரையும் சமாளிக்கப் பார்த்து, கடைசியில் இருவரிடமும் பேச்சு வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

கடைசி ஒப்புதல் ஒருவருடையது. உரிமையாளரா, முகாமையாளரா என்று அவர்களே தீர்மானிக்கட்டும், ஆனால் ஒருவர். மகன் யோசனை சொல்லலாம், அது தகப்பனின் கொமென்டுக்குள் வரட்டும். இதை நீங்கள் நேரே சொல்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முகாமையாளரிடம் இப்படிக் கேளுங்கள்: "சேர், அச்சகத்துக்கு யாருடைய கையெழுத்தோடு அனுப்ப வேண்டும்?" பெயர் ஒன்று வரும். அதை எழுதி வைத்துவிடுங்கள்.

விலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் ஒரு உணவகத்துக்காக மெனு அட்டை செய்தோம். "வரிகள் உட்பட" என்று விலை. நவம்பரிலேயே எல்லோரும் பார்த்து, எல்லோரும் கையெழுத்து வைத்திருந்தார்கள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. 2024 ஜனவரி 1ஆம் திகதி பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகிவிட்டது, எங்கள் அட்டையின் ஒவ்வொரு விலையும் அன்று காலையே பிழையாகிவிட்டது. கையெழுத்து வைத்தவர்கள் யாரும் தவறு செய்யவில்லை. நவம்பரில் அது சரி. ஆனால் அச்சுக்குப் போகும் நாளில் யாரும் திரும்பக் கேட்கவில்லை. நான்தான் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து நான் செய்யும் எந்த ஒப்புதலிலும் ஒரு வரி இருக்கும்: "இந்த விலைகள் இன்ன திகதி வரை சரி." அந்தத் திகதி தாண்டினால் விலையை மட்டும் முன்பதிவுப் பிரிவு திரும்பப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும்.

உங்களால் முடிந்தால் இன்னொரு படி மேலே போங்கள். விலையைப் பிரசுரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கடல், அறைகள், கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, கோட்டை, இவை வருடா வருடம் மாறுவதில்லை. நல்ல தாளில் நிறத்தில் அடிக்கலாம், இரண்டு சீசனுக்கு வரும். மாறுவது விலையும் திகதியும். அவற்றை ஒரு தனித் தாளில் சாதாரணமாக அச்சிட்டு உள்ளே செருகுங்கள். அந்த ஒரு தாள் பிழைத்தால் திரும்ப அடிக்க ஒரு காலைப் பொழுது போதும். அறை விலைகளை ஒரே ஒரு கணக்குத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மொழிப் பக்கங்களும், முன்வாசல் மேசையும், பேஸ்புக் பதிவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். போன முறை உங்கள் தமிழ்ப் பக்கம் பிழைத்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். விலை மூன்று இடங்களில் தனித்தனியாக வாழ்ந்துகொண்டிருந்தது, இரண்டு இடங்களில் மட்டும் மாற்றினீர்கள்.

மூன்று மொழி என்றாலே வேலை மூன்று மடங்கு இல்லை, அதற்கும் மேல். முதலில் ஒரு மொழியில் எழுத்தை முடித்து ஒப்புதல் வாங்குங்கள். அதற்குப் பிறகே மொழிபெயர்ப்பு. மூன்றையும் ஒன்றாகத் தொடங்கினால் ஒவ்வொரு திருத்தமும் மூன்று தடவை ஓட வேண்டும், ஒரு தடவை கட்டாயம் தவறும். பிறகு ஒரு மொழியில் ஒரு சொல் மாறினால் மற்ற இரண்டு பிரதிகளின் ஒப்புதலும் அந்தக் கணமே செல்லாது என்று உங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். திருகோணமலையா திருக்கோணமலையா என்பதையும் இப்போதே தீர்மானித்து ஒரு தாளில் எழுதிவிடுங்கள். இரண்டும் வழக்கில் இருக்கின்றன. ஒரே பிரசுரத்தில் இரண்டும் வரக்கூடாது.

தமிழ்ப் பக்கத்தில் இன்னொரு குழி இருக்கிறது, அதில் நம் ஊர்களில் நிறையப் பேர் விழுகிறார்கள். நீங்கள் யுனிகோடில், அதாவது போனிலும் இணையத்திலும் வரும் பொது எழுத்து முறையில், தட்டச்சு செய்து, எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கி, கோப்பை அச்சகத்துக்குக் கொடுக்கிறீர்கள். அங்கே பக்கம் கட்டுபவர் அதைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவுக்கு மாற்றுகிறார். பாமினி எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் இருக்கும் இடங்களில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. சதவீதக் குறியின் இடத்தில் "மூ" இருக்கிறது, டொலர் குறியின் இடத்தில் "கூ" இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் "20 சதவீதக் கழிவு" என்று நீங்கள் குறியீட்டில் எழுதியது "20மூ கழிவு" என்று அச்சாகும். இணையதள முகவரி முழுவதும் வாசிக்க முடியாத தமிழாக மாறும். நீங்கள் ஒப்புதல் வாங்கிய எழுத்தும் மெஷினில் ஓடப்போகும் எழுத்தும் அந்த நேரத்தில் இரண்டு வேறு பிரதிகளாகிவிட்டன. டிராக் சேஞ்சஸோ கொம்பெயரோ அங்கே உதவாது. ஆகவே எழுத்துரு மாற்றிய பிறகு வரும் பீடிஎப்பை இருவர் இருந்து பார்க்க வேண்டும். ஒருவர் ஒப்புதல் பெற்ற பிரதியைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் புதியதில் விரல் வைத்துக்கொண்டு வரட்டும். எண்களை ஒவ்வொரு இலக்கமாக வாசியுங்கள். ஒரு துண்டுப்பிரசுரத்துக்கு அரை மணி நேரம்கூடப் போகாது. யுனிகோடையே நேரடியாக ஏற்கும் அச்சகம் கிடைத்தால் அங்கே போங்கள், கொஞ்சம் கூடக் கேட்டாலும் பரவாயில்லை.

வட்ஸ்அப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்லமாட்டேன், அது நடக்காது. ஆனால் அதைக் கதவைத் தட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்: "கோப்பில் பிரதி 4 இருக்கிறது, பாருங்கள்." படமாக அனுப்பாதீர்கள். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், சின்ன எழுத்து மங்கிவிடும், பார்ப்பவர் மங்கலையே பார்த்துச் சரி என்பார். அனுப்பியே ஆகவேண்டுமென்றால் பீடிஎப்பாக, ஆவணம் என்று தெரிவு செய்து அனுப்புங்கள். யாராவது போனில் திருத்தம் சொன்னால், பேசி முடிந்த கையோடு அதை நீங்களே கோப்பில் கொமென்டாக எழுதி, சொன்னவர் பெயரையும் போட்டு, "இப்படித்தானே சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். மரியாதைக் குறைவாக யாரும் எடுக்கமாட்டார்கள். தான் சொன்னதை ஒருவர் கவனமாக எழுதி வைப்பதை எந்த முதலாளியும் வெறுத்து நான் பார்த்ததில்லை.

ஒப்புதல் கேட்கும் செய்தியை நீங்கள் இப்படி எழுதலாம்:

"சேர், சீசன் துண்டுப்பிரசுரம், தமிழ், பிரதி 5 இத்துடன் இருக்கிறது. விலைகளை முன்பதிவுப் பிரிவு நேற்றுச் சரிபார்த்தது. போன பிரதிக்கும் இதற்கும் இரண்டு மாற்றங்கள்: குடும்ப அறையின் விலை, புறாத்தீவுப் படகு நேரம். வியாழக்கிழமை மாலை 4 மணிக்குள் 'பிரதி 5 அச்சிடலாம்' என்று எழுதி அனுப்பினால் வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குக் கொடுப்போம். உங்கள் பதில் வரும்வரை அச்சுக்குப் போகாது."

கடைசி வரியைக் கவனியுங்கள். "பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வோம்" என்று எழுதும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பேஸ்புக் பதிவுக்கு அது போதும், பிழைத்தால் திருத்தலாம். அச்சுக்கு ஒருபோதும் வேண்டாம். வெறும் "ஓகே" வந்தாலும், "பிரதி 5தானே சேர்?" என்று திரும்பக் கேளுங்கள். ஒரு நிமிட வேலை.

பிறகு வருவது உங்கள் இரண்டாவது கேள்வி. ஒப்புதல் கொடுத்த பிறகு, வெள்ளிக்கிழமை காலையில், உரிமையாளர் ஒரு படத்தை மாற்றச் சொல்கிறார். முடியாது என்று சொல்லாதீர்கள். அது அவருடைய ஹோட்டல், அவருடைய காசு, சிலவேளை அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். "மாற்றலாம் சேர், அது பிரதி 6 ஆகும். தமிழும் சிங்களமும் திரும்பப் பார்க்க ஒரு நாள், அச்சுத் தகடு (பிளேட்) எடுத்துவிட்டார்கள் என்றால் அந்தச் செலவு திரும்பவும் வரும், பிரசுரம் புதன்கிழமைதான் கைக்கு வரும். செய்யட்டுமா, அடுத்த பதிப்புக்கு வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். அச்சகத்தில் செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தால் ரூபாக் கணக்கோடு சொல்லலாம். நாளும் காசும் கண்முன் நிற்கும்போது "சரி, அடுத்ததுக்குப் பார்ப்போம்" என்று தாமாகவே சொல்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். விலையோ தொலைபேசி எண்ணோ பிழை என்றால் மட்டும் எதுவும் கேட்க வேண்டாம். உடனே நிறுத்துங்கள், மெஷின் ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்துங்கள்.

அந்த 3,000 பிரதிகளில் மீந்திருப்பவற்றையும் எறிந்துவிட வேண்டாம். தமிழ் விலைப் பகுதியின் அளவுக்கு ஸ்டிக்கர் அடித்து ஒட்டலாம், அதற்கும் ஒரு புரூப் எடுத்துக் கையெழுத்து வாங்கிய பிறகு. வெளியே போனவற்றை, டவுனிலும் உப்புவெளியிலும் எங்கெங்கே கொடுத்தீர்கள் என்று நினைவுபடுத்தித் திரும்ப எடுங்கள். பழைய விலையோடு தாளைக் கொண்டு வரும் விருந்தினருக்கு என்ன சொல்வது என்று முன்வாசல் மேசைக்கு முகாமையாளர் இந்த வாரமே ஒரு முடிவு எழுதிக் கொடுக்க வேண்டும். வந்து நிற்பவர் தாளை நீட்டும்போது அந்த மேசையில் இருக்கும் பிள்ளை முழிக்கக்கூடாது.

சீசன் ஏப்ரல், மே என்று தொடங்கிவிடும். இந்தத் தடவை தமிழ்ப் பிரதியை முதலில் எடுங்கள். கையெழுத்து வைத்த தாளை அச்சகத்துக்கு நீங்களே கொண்டு போய், மெஷின்காரரின் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.